மருத்துவம் படிக்கும் முன் வெளிநாட்டில் தன்னார்வப் பணி: போகலாமா என்று முடிவெடுக்கும் முறை

பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களில், கோடை விடுமுறைக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. கானாவிலோ தான்சானியாவிலோ நேபாளத்திலோ ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரம் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தால் இடம் கிடைப்பது எளிதாகுமாம், தெரிந்தவர் பிள்ளை போய் வந்தானாம், நாமும் அனுப்பலாமா என்பதே அந்தப் பேச்சு. இணையத்தில் தேடினால், வெள்ளைக் கோட்டு அணிந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் குழந்தைகளைத் தூக்கிவைத்துச் சிரிக்கும் படங்களுடன் பல முகவர் நிறுவனங்கள் கண்ணில் படும். பெரும்பாலோருக்கு இந்தப் பயணம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் சில நிபந்தனைகள் கூடிவரும்போது அது உண்மையாகவே பயன் தருகிறது என்பதால், முடிவெடுக்கும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் படிப்பது நல்லது.

இடம் தருபவர் எதைப் பார்க்கிறார் என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்

விண்ணப்பிக்கப்போகும் நாட்டைப் பொறுத்து விடை முற்றிலும் மாறுகிறது. இந்தியாவில் இளநிலை மருத்துவ இடத்தை நீட் தேர்வில் 720-க்கு எடுக்கும் மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் கலந்தாய்வும் முடிவு செய்கின்றன; கென்யாவில் ஓராண்டு பணிசெய்த சான்றிதழைக் காட்டினாலும் தரவரிசையில் ஓரிடம்கூட முன்னேற முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். இலங்கையில் அரச மருத்துவ பீடங்களுக்கு, உயர்தரப் பரீட்சை மதிப்பெண்களைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளி, சேர்க்கைக்கான வெட்டுப்புள்ளியை எட்டினால் போதும், எட்டாவிட்டால் வேறெதுவும் உதவாது. ஆஸ்திரேலியாவில் பள்ளி முடித்து நேரடியாகச் சேர்வோருக்குப் பெரும்பாலும் பள்ளியிறுதி மதிப்பெண்களிலிருந்து கணக்கிடும் ஏடார் தரமும், யூகேட் என்ற மருத்துவச் சேர்க்கைத் திறனறித் தேர்வும், நேர்காணலுமே முக்கியம். இந்த நாடுகளில் விண்ணப்பிப்பவர்கள் சேர்க்கைக்காக என்று ஒரு டாலரும் செலவழிக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் நிலைமை சற்று நுட்பமானது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில், விண்ணப்பதாரருக்குப் பிறரைக் கவனித்துப் பேணிய அனுபவம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது; அந்த அனுபவம் மருத்துவமனையில்தான் கிடைத்திருக்க வேண்டும் என்றோ, வெளிநாட்டில் கிடைத்தால் மேல் என்றோ அது கேட்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் போட்டி சமமாக இருக்க வேண்டும் என்பதால், விமானச் சீட்டு வாங்கிப் பெறும் அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்புத் தர கல்லூரிகள் தயங்குகின்றன. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் எனப்படும் பல்கலைக்கழகப் பொது விண்ணப்பத்தின் தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டு, மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகளே தரப்படுகின்றன. அவற்றில் ஒரு கேள்வி மட்டுமே வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்பட்டது என்று கேட்கிறது. அதிலும் "ஏன் பயன்பட்டது" என்ற பாதிக்குத்தான் கனம் அதிகம். சில கல்லூரிகள் இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. யூகேட் மதிப்பெண்ணையும் கல்வித் தகுதியையும் வைத்து நேர்காணலுக்கு அழைத்துவிடுகின்றன.

அமெரிக்காவில், இளநிலைப் பட்டப் படிப்புக்குப் பிறகே மருத்துவக் கல்லூரி. ஆம்காஸ் எனப்படும் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம், அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று விரித்து எழுதலாம். நோயாளிகளோடு பழகிய அனுபவம் அங்கே மிகவும் எதிர்பார்க்கப்படுகிறது என்பதால் வெளிநாட்டுப் பயணங்களின் சந்தையும் அங்கேதான் பெரியது. ஆயினும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி 2011-இலேயே ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, வெளிநாட்டில் தகுதிக்கு மீறிய சிகிச்சைப் பணிகளைச் செய்வது விண்ணப்பத்துக்கு உதவுவதற்குப் பதிலாகக் கெடுதல் செய்யக்கூடும் என்று எச்சரித்திருக்கிறது. "நான் குவாத்தமாலாவில் தையல் போட்டேன்" என்று பெருமையோடு எழுதும் விண்ணப்பதாரரைத் தேர்வுக்குழு துணிச்சல்காரராகக் காண்பதில்லை. தன் எல்லையை அறியாதவராகவே காண்கிறது.

கையைப் பற்றிய ஒரே விதி

இந்த விஷயம் முழுவதும் ஒரு விதியில் அடங்கிவிடுகிறது: நீங்கள் வாழும் ஊர் மருத்துவமனையில் உங்களை எதைச் செய்ய விடமாட்டார்களோ அதை வேறெந்த ஊரிலும் செய்யாதீர்கள். லண்டனில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியிடம் ஊசியைக் கொடுத்து இரத்தம் எடுக்கச் சொல்லும் செவிலியர் எவரும் இல்லை. அதே மாணவி மூவாயிரம் மைல் தள்ளி இறங்கியதும் அவளுக்கு அந்தத் திறமை வந்துவிடுவதில்லை. நோயாளி ஏழை என்பதும், அவர் மறுப்புச் சொல்லத் தயங்குவார் என்பதும் மட்டுமே மாறியிருக்கின்றன.

பிரசவம் பார்ப்பது, தையல் போடுவது, ஊசி போடுவது, பல் பிடுங்குவது, சிறுநீர்க் குழாய் செருகுவது, மருந்தின் அளவைச் சொல்வது, நோயைக் கண்டறிந்து சொல்வது ஆகிய எதற்கும் கை நீளக்கூடாது. இரத்த அழுத்தம் பார்ப்பதுகூட, ஒருவர் முறையாகக் கற்றுக்கொடுத்து அருகிலேயே நின்றால் மட்டுமே சரி. தவறான அளவை நோட்டில் எழுதிவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு மாத்திரை தரப்படும். பார்ப்பது, கேட்பது, எழுதிக்கொள்வது, சக்கர நாற்காலி தள்ளுவது, சீட்டு வழங்கும் இடத்தில் உதவுவது, மருந்துப் பெட்டிகளை எண்ணி அடுக்குவது, பிள்ளைகளோடு விளையாடுவது ஆகியவை போதும். இவை சிறிய வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு புறநோயாளிப் பிரிவு எப்படி நடக்கிறது என்பதை அறிய இவற்றைவிட நல்ல இடம் கிடையாது.

சட்டமும் இதையே சொல்கிறது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவின்படி, பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இதில் விலக்கு எதுவும் இல்லை. உகாண்டாவின் ஜின்ஜா நகரில், மருத்துவப் பயிற்சி இல்லாத ஓர் அமெரிக்கப் பெண் ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளுக்கென்று மையம் நடத்தினார். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் பலர் இறந்துபோக, 2019-இல் இரண்டு தாய்மார் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே அடுத்த ஆண்டு இழப்பீட்டு உடன்பாட்டில் அந்த வழக்கு முடிந்தது. அவரும் இளம்வயதில், உதவ வேண்டும் என்ற ஆர்வத்தோடு போனவர்தான்.

"அங்கே மருத்துவரே இல்லை, நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்கள்?" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். அந்த நிலையில் உண்மையாகவே நின்ற ஒரு பெண்ணைத் தமிழ்நாடு அறியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், தெரியாத வேலையில் கைவைக்கவில்லை. அமெரிக்கா திரும்பி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் பிறகே வேலூருக்கு வந்து 1900-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

உங்கள் உடலுக்கு வரும் ஆபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்த்தொற்று உள்ள ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமியில் 30 விழுக்காடு வரை, ஹெபடைட்டிஸ் சி கிருமியில் ஏறத்தாழ 3, எச்ஐவியில் ஏறத்தாழ 0.3 என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. மருத்துவராவதற்கு முன்பே இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

உள்ளூரில் ஆறு மாதம் முடியாமல் விமானச் சீட்டு வேண்டாம்

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு நாள் போய், மறதி நோயுள்ள ஒருவருக்குச் சோறு ஊட்டி, அவர் நேற்றுச் சொன்ன கதையையே இன்றும் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுப் பழகிய மாணவர், நேர்காணலில் பேசத் தொடங்கினாலே வேறுபாடு தெரிந்துவிடும். அந்த அனுபவம் இரண்டு வாரத்தில் கிடைப்பதில்லை. ஒரே இடத்துக்கு மாதக்கணக்கில் போய்வருவதுதான், பொறுப்பை ஏற்று அதைத் தொடர்கிறாரா என்ற தேர்வாளரின் கேள்விக்குச் சரியான சான்று.

பிரிட்டனில் இருப்பவர்கள் சம்பளத்துடன் கூடிய உதவியாளர் வேலையை விடுமுறைகளில் பார்க்கலாம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸில் முதலுதவி கற்கலாம், ஹாஸ்பிஸ் எனப்படும் அந்திமக்கால இல்லங்களில் தன்னார்வலராகலாம். மருத்துவர் ஒருவரோடு இருந்து பார்க்க வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்காகவே, பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 'அப்சர்வ் ஜிபி' என்ற இலவசக் காணொளிப் பயிற்சியை நடத்துகிறது. பிரைட்டன் அண்டு சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் இலவச இணையவழி அனுபவப் பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இலவச மருத்துவ மையங்கள், மருத்துவருக்காகக் குறிப்பெழுதும் வேலை, ஆம்புலன்ஸ் பயிற்சி என்று வழிகள் பல.

தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே கூடுதலான ஓரிடம் உண்டு. டொரொண்டோவிலும் லண்டனிலும் தனிமையில் வாழும் தமிழ் முதியவர்கள் ஏராளம். கோயிலிலோ தமிழ்ச் சங்கத்திலோ அவர்களுக்கு நடக்கும் நீரிழிவு முகாமில் நாற்காலி போடுவதும் பெயர் எழுதுவதும் பேச்சுத் துணையாக இருப்பதும் மதிப்புள்ள பணிகள். ஒரு எச்சரிக்கை மட்டும்: மருத்துவ ஆலோசனையை மொழிபெயர்க்கும் வேலையைப் பதின்பருவப் பிள்ளைகள் ஏற்கக்கூடாது. ஒரு சொல் தவறினால் சிகிச்சையே மாறிவிடும் என்பதால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களையே மருத்துவமனைகள் அழைக்கின்றன.

இவ்வாறு ஆறு மாதமாவது உள்ளூரில் பணிசெய்த பிறகும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் குறையாமல் இருந்தால், அடுத்த படிக்குப் போகலாம். அப்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

விமானக் கட்டணம் சேராமலே இரண்டு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டோ டாலரோ கேட்கும் திட்டங்கள் சாதாரணம். ஆகவே முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும்: இந்தத் தொகையில் எவ்வளவு அந்த மருத்துவமனைக்குப் போகிறது, எவ்வளவு தங்குமிடத்துக்கு, எவ்வளவு உங்கள் அலுவலகத்துக்கும் விளம்பரத்துக்கும்? எழுத்தில் பதில் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் பிரித்துக் காட்டும். மற்றவை "உங்கள் பங்களிப்பு பல உயிர்களைத் தொடுகிறது" என்பது போன்ற வாசகங்களை அனுப்பும். அந்த வாசகம் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, உங்களை அழைத்தது யார் என்பது. மருத்துவமனையே கேட்டதா, முகவர் போய் ஏற்பாடு செய்ததா? உங்களைக் கவனித்துக்கொள்ளப்போகும் உள்ளூர் மருத்துவரோ செவிலியரோ யார், அந்தப் பொறுப்புக்கு அவருக்கு நேரமோ ஊதியமோ ஒதுக்கப்பட்டிருக்கிறதா? ஒரே நேரத்தில் ஒரு வார்டில் எத்தனை தன்னார்வலர்கள் நிற்பார்கள்? ஆளில்லாமல் திணறும் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக வந்திறங்கும் எட்டுப் பேருக்குச் செவிலியர் ஒருவர் சுற்றிக்காட்ட வேண்டியிருந்தால், நோயாளிகளுக்குச் சேர வேண்டிய அவருடைய காலை நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். உதவி என்ற பெயரில் நடக்கும் இந்தச் சுமையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. எனக்கு இந்தத் துறையின்மீதுள்ள பெரிய குறையும் இதுதான்.

மூன்றாவதாக, என்ன செய்ய விடுவீர்கள் என்று கேட்காதீர்கள். என்னென்ன செய்ய விடமாட்டீர்கள் என்று கேளுங்கள். பட்டியல் ஒன்றை உடனே தருபவர்களை நம்பலாம். "நீங்கள் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறீர்களோ அவ்வளவு வாய்ப்புக் கிடைக்கும்" என்று இழுப்பவர்களிடமிருந்தும், அறுவை அரங்கில் கைகொடுக்கலாம் என்று ஆசை காட்டுபவர்களிடமிருந்தும் விலகிவிடுங்கள். குற்றப் பின்னணிச் சான்று கேட்கிறார்களா என்பதும் ஒரு நல்ல அளவுகோல். குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு எந்தச் சான்றும் கேட்காமல் வெளியாரை அனுப்பும் நிறுவனம், நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றி வேறெங்கும் யோசித்திருக்காது. அனாதை இல்லத்தையும் மருத்துவமனையையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கும் திட்டங்களைத் தொடவே வேண்டாம்.

நான்காவது விசா. பல நாடுகளில் ஊதியமில்லாத பணியும் பணியாகவே கருதப்படுகிறது. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் அனுமதியின்றித் தன்னார்வப் பணி செய்யக்கூடாது. தான்சானியாவில் தன்னார்வலருக்கென்று தனி அனுமதி தேவை. இந்தியச் சுற்றுலா விசாவில் ஊதியமற்ற குறுகியகாலத் தன்னார்வப் பணிக்கு ஒரு மாத வரம்பு உண்டு. இவை அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் ஆண்டில் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். "சுற்றுலாவுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுங்கள்" என்று கற்றுக்கொடுக்கும் முகவர், அந்த நாட்டின் சட்டத்தை மதிக்காதவர் என்பதைத் தானே சொல்லிவிடுகிறார்.

பதினெட்டு வயது ஆகாதவர்களை நான் அனுப்பச் சொல்லமாட்டேன். இதற்கு விரிவான விளக்கம் தேவையில்லை; காப்பீடும் ஒப்புதலும் பாதுகாப்பும் எல்லாமே அந்த வயதுக்குக் கீழே சிக்கலாகின்றன.

எப்போது போவது பொருளுடையது

மேலே சொன்ன வடிகட்டிகளைத் தாண்டிய பிறகு மிஞ்சும் பயணங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு: போகிறவர் உதவ வந்தவராக நடந்துகொள்ளாமல், கற்க வந்தவராக நடந்துகொள்கிறார். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பல நாடுகளிலிருந்து மருத்துவர்களும் நிர்வாகிகளும் வருவது அங்கே ஆள் குறைவு என்பதற்காக இல்லை. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு அறுவைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துக் கற்பதற்காக வருகிறார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, மருத்துவர் செய்ய வேண்டாத வேலைகள் அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்த முறை அங்கே பார்க்கத் தக்கது. இப்படிப்பட்ட மனநிலையோடு போகும் மாணவருக்கு ஏழை நாடு, பணக்கார நாடு என்ற கணக்கே மாறிவிடுகிறது.

இரண்டாவது நிபந்தனை மொழி. நோயாளி சொல்வது புரியாத அறையில் இரண்டு வாரம் நிற்பவருக்குச் சுவரும் கட்டிலும்தான் தெரியும். புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளை, எப்படியும் தாத்தா பாட்டியைப் பார்க்கத் தஞ்சாவூருக்கோ கிளிநொச்சிக்கோ போகிறது என்றால், அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரதேச வைத்தியசாலையிலோ முறையாக அனுமதி பெற்று ஓரிரு நாள் அமர்ந்து பார்ப்பது, அறியாத நாட்டில் பணம் கொடுத்து நிற்பதைவிட எத்தனையோ மடங்கு பயனுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. அந்தப் பணியாளர் ஒரு பாட்டியிடம் "மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்பதையும், அதற்குப் பாட்டி சொல்லும் காரணத்தையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, நோயாளி ஏன் மருத்துவரின் சொல்லைக் கேட்பதில்லை என்ற கேள்வியின் வேர் தெரிந்துவிடும். அனுமதியை மாமாவின் நண்பர் மூலம் வாய்மொழியாகப் பெறாமல், பொறுப்பு மருத்துவ அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிப் பெறுங்கள்; அறையில் நீங்கள் இருப்பதற்கு ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் போன பிறகும் அங்கே ஏதாவது மிஞ்சுமா என்பது. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்பதால்தான் அவர் ஊர் திரும்பிய பிறகும் சிகிச்சை தொடர்ந்தது. பதினெட்டு வயது மாணவரிடம் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிக்கிறதா, வெளியாரை வரிசையாக இறக்குமதி செய்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த அளவுகோல் போதும்.

இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் சில ஆண்டுகள் பொறுத்திருக்கலாம். பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் மருத்துவப் படிப்பின் பிற்பகுதியில் எலெக்டிவ் என்ற பெயரில் சில வாரங்கள் வெளிநாட்டு மருத்துவமனையில் கழிக்க வாய்ப்புண்டு. அப்போது கைத்திறன் ஓரளவு இருக்கும், கல்லூரியின் மேற்பார்வை இருக்கும், அந்த நாட்டு மருத்துவருக்கும் நீங்கள் பாரமாக இருக்கமாட்டீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் பட்டமும் அதற்கு மேல் சில ஆண்டு அனுபவமும் உள்ள மருத்துவர்களையே கேட்பதற்கும் இதே காரணம்தான்.

போவது உறுதியானால்

தடுப்பூசிகளை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகள் முடிய ஆறு மாதம் ஆகும். அவசர அட்டவணை உண்டு என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். கானா போன்ற நாடுகளுக்குள் நுழையவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே அது செல்லுபடியாகும், 2016 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லும். வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி, டைபாய்டு, மலேரியா மாத்திரை ஆகியவற்றைப் பயண மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தற்செயலாக ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி 28 நாள் தொடர வேண்டும்; அந்த மருந்து நீங்கள் போகும் ஊரில் எங்கே கிடைக்கும் என்பதைக் கிளம்புமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் அவசர விமானப் போக்குவரத்தும், மருத்துவமனைச் சூழலில் இருப்பதும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடு பெரும்பாலும் இரண்டாவதை விட்டுவிடும்.

நோயாளிப் பாதுகாப்பைப் பற்றி மாணவர்களுக்கென்றே மினசோட்டாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இலவச இணையப் பயிற்சி ஒன்று உண்டு. எல்லையை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியோடு அது முடிகிறது. அதைச் செய்துவிட்டுப் போவது, அங்கே ஒருவர் ஊசியை நீட்டும்போது மறுப்பதற்குத் தெம்பு தரும். மறுப்பதற்கான வாக்கியத்தையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்: "நன்றி டாக்டர், நான் இன்னும் மருத்துவ மாணவர்கூட ஆகவில்லை, பக்கத்தில் நின்று பார்க்கிறேன், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்." பெரியவர் ஒருவர் அன்போடு தரும் வாய்ப்பை மறுப்பது நம் பிள்ளைகளுக்கு எளிதில் வராது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வார்டுக்குள் கைபேசியைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு குழந்தையைப் படமெடுத்து இணையத்தில் போட முடியாது என்றால், அங்கேயும் முடியாது. படத்துக்குப் பதிலாக இரவில் ஒரு பக்கம் எழுதுங்கள். நோயாளியின் பெயரும் அடையாளமும் இல்லாமல், அன்று புரியாத ஒன்றையும், யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

விண்ணப்பத்தில் எழுதுவது

திரும்பி வந்தவர்கள் செய்யும் பொதுவான பிழை, ஏழ்மையைப் பார்த்து மனம் உருகியதை எழுதுவது. "எவ்வளவு குறைவாக இருந்தும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்ற வரியைத் தேர்வாளர்கள் ஒரு பருவத்திலேயே பலமுறை படித்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, கண்ட ஒரு முடிவை எடுத்து அதன் காரணத்தை ஆராயுங்கள். ஸ்கேன் கருவி இல்லாத இடத்தில் மருத்துவர் கையாலும் காதாலும் எப்படி நோயைக் கணித்தார், ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரமாகும் என்று தெரிந்தபோது யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று எப்படி முடிவு செய்தார், செவிலியர் எங்கே அவரைத் திருத்தினார் என்று எழுதினால் மருத்துவத் தொழிலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரியும். எம்எம்ஐ எனப்படும் பல நிலைய நேர்காணலில், உங்கள் தகுதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அடிக்கடி வரும். மறுத்த நிகழ்ச்சி உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், யாரையும் குறைசொல்லாமல் சொல்லுங்கள். 4,000 எழுத்துகளில் வெளிநாட்டுக்கு மூன்று வரி போதும். மீதியை முதியோர் இல்லத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை வேலை. அமெரிக்காவின் ஆம்காஸும், கனடாவில் ஒன்டாரியோ மாகாண மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஓம்சாஸும் செயல்பாடுகளை உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரங்களைக் கேட்கின்றன. அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு முன்பே, மேற்பார்த்த மருத்துவர் அல்லது செவிலியரின் முழுப்பெயர், பதவி, மின்னஞ்சல் ஆகியவற்றை அவருடைய சம்மதத்தோடு எழுதிவாங்கி, நீங்கள் இருந்த தேதிகளும் செய்த வேலைகளும் உள்ளபடியே குறிப்பிடப்பட்ட ஒரு கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். முகவர் தரும் வண்ணச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.